ஜாங்கோவின் டெஸ்ட்கேஸ்: மூன்று தீபாவளிகள் பயன்படுத்திய பின்

சிங்கப்பூரின் தேக்கா வட்டாரப் பலகாரக் கடை ஒன்றுக்காக நாங்கள் எழுதிப் பராமரித்து வரும் ஆர்டர் மென்பொருளின் தானியங்கிச் சோதனைகள் பெரும்பாலும் பைத்தான் மொழியில் வலைச் செயலிகள் எழுத உதவும் ஜாங்கோ கட்டமைப்புடனேயே கிடைக்கும் டெஸ்ட்கேஸ் கிளாஸை நம்பித்தான் ஓடுகின்றன. தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ்.

ஒவ்வொரு சோதனையையும் ஒரு பரிவர்த்தனைக்குள் (தரவுத்தள மாற்றங்கள் ஒன்றாக நிலைக்கும் அல்லது ஒன்றாக நீங்கும் தொகுப்பு) ஓட்டி, முடிந்ததும் ரோல்பேக் செய்துவிடுவதே, அதாவது மாற்றங்களை நீக்கிவிடுவதே, இக்கருவியின் வேலை. கிளாஸ் முழுவதையும் சுற்றி ஒரு பரிவர்த்தனை, அதற்குள் ஒவ்வொரு சோதனைக்கும் தனியாக ஒன்று என இரண்டு அடுக்குகள் இருப்பதால், செட்அப் டெஸ்ட் டேட்டா என்னும் தொடக்கத் தரவுப் பகுதியில் ஒருமுறை எழுதிவைத்த வாடிக்கையாளர், பலகார வகை, 9 விழுக்காடு பொருள் சேவை வரி ஆகியவை எல்லாச் சோதனைகளுக்கும் பொதுவாகின்றன. ஒரு சோதனை முறுக்கின் விலையை 8 வெள்ளியிலிருந்து 10 வெள்ளிக்கு உயர்த்தினாலும், அடுத்தது 8 வெள்ளியையே காண்கிறது. அட்டவணைகளைத் துடைத்து மீண்டும் நிரப்பும் வேலை இல்லாததால் வேகத்திலும் குறை சொல்ல இடமில்லை. போஸ்ட்கிரெஸில் ஜாங்கோ அமைக்கும் அயல்சாவிகள் (ஓர் அட்டவணையை மற்றொன்றோடு இணைப்பவை) கமிட்டின்போதுதான், அதாவது மாற்றங்களை நிலைப்படுத்தும்போதுதான், சரிபார்க்கப்படும் என்பதையும், இங்கே கமிட்டே நிகழாது என்பதையும் கணக்கில் கொண்டு, ஒவ்வொரு சோதனையின் முடிவிலும் அச்சரிபார்ப்பைத் தானே நடத்திவிடுவது நேர்த்தியான வேலைப்பாடு.

ஆனால் கமிட் நிகழாமை எங்களை ஒருமுறை நன்றாகவே ஏமாற்றியது. கடைசிப் பலகாரப் பெட்டியை இருவர் ஒரே நேரத்தில் வாங்கிவிடாமல் இருக்க, இருப்பைக் காட்டும் அட்டவணை வரிசையைச் செலெக்ட் ஃபார் அப்டேட் கொண்டு பூட்டினோம். அதை அட்டாமிக் பகுதிக்குள், அதாவது பரிவர்த்தனையைத் திறக்கும் நிரல் பகுதிக்குள், வைக்க மறந்தோம். பரிவர்த்தனைக்கு வெளியே அப்படிப் பூட்ட முயன்றால் ஜாங்கோ பிழை எழுப்பும். சோதனையிலோ டெஸ்ட்கேஸ் ஏற்கெனவே ஒரு பரிவர்த்தனையைத் திறந்து வைத்திருந்ததால், எல்லாம் பச்சையாகத் தேறின. தீபாவளிக்கு முந்தைய வாரம் அதை உண்மையான சர்வரில் ஏற்றியபோது முதல் ஆர்டரே பிழையோடு நின்றது. இந்த எச்சரிக்கை ஜாங்கோவின் ஆவணத்தில் தெளிவாகவே இருக்கிறது, படிக்காதவர்கள் நாங்கள்தாம்.

கமிட் ஆனதும் ஓடும்படி ஆன் கமிட்டில் பதிவுசெய்த வேலைகளும் இதே காரணத்தால் சோதனையில் ஓடுவதில்லை. ஆர்டர் உறுதியானதும் வாடிக்கையாளருக்குச் செய்தி போகிறதா என்பதைச் சோதிக்க, அவ்வேலைகளைப் பிடித்துத் தரும், ஜாங்கோ 3.2 பதிப்பில் வந்த கேப்சர் ஆன் கமிட் கால்பேக்ஸ் போதுமானதாக இருக்கிறது. ஒரே ஆர்டர் எண்ணை இருமுறை பதிந்து பிழையை எதிர்பார்க்கும் சோதனைகளில், அந்த நிரல் வரியை மட்டும் தனி அட்டாமிக்கில் அடைக்காவிட்டால் அச்சோதனையில் அதன் பின் எந்த வினவலும் ஓடாது. ரோல்பேக் செய்தாலும் போஸ்ட்கிரெஸின் வரிசை எண்கள் பின்னோக்கித் திரும்புவதில்லை என்பதால், முதல் ஆர்டரின் ஐடி 1 என்று எழுதிவைத்த சோதனை தனியே ஓடும்போது தேறும், கூட்டத்தோடு ஓடும்போது தவறும்.

ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு இழைகள் உண்மையாகவே ஒரு பெட்டிக்குப் போட்டியிடுவதைக் காட்ட டெஸ்ட்கேஸால் இயலாது. இரண்டாவது இழை தனக்கென வேறு இணைப்பைத் திறப்பதால், கமிட் ஆகாத தரவு அதன் கண்ணில் படாது. அதற்கு ஜாங்கோவின் இன்னொரு கிளாஸான டிரான்சாக்‌ஷன்டெஸ்ட்கேஸ் வேண்டும். அது உண்மையாகவே கமிட் செய்து, பின்னர் எல்லா அட்டவணைகளையும் காலி செய்கிறது. மைக்ரேஷன் (தரவுத்தள அமைப்பை மாற்றும் நிரல்) வழியாக நாங்கள் ஏற்றியிருந்த வரி விகிதமும் அதோடு போய்விட்டது, தொடக்கத் தரவை மீட்டுத் தரும் சீரியலைஸ்டு ரோல்பேக்கை இயக்கிய பிறகே திரும்பி வந்தது. வேகமும் குறைவு: எல்லாச் சோதனைகளையும் அதற்கு மாற்றிப் பார்த்த அன்று, கோப்பிக் கடைக்குப் போய்த் தே ஓ வாங்கி வந்த பிறகும் அது ஓடிக்கொண்டிருந்தது.

ஆகவே அன்றாடச் சோதனைகளுக்கு டெஸ்ட்கேஸைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். பூட்டு தொடர்பான சோதனைகளை மட்டும் தனிக் கோப்பில் டிரான்சாக்‌ஷன்டெஸ்ட்கேஸுக்கு மாற்றியிருக்கிறோம். இப்போது எவருடைய நிரலிலாவது செலெக்ட் ஃபார் அப்டேட் தென்பட்டால், அதன் சோதனை எந்தக் கிளாஸில் இருக்கிறது என்றுதான் முதலில் பார்க்கிறேன்.