இறுகிப் போன மாடல் ஏரோபிளேன் எஞ்சின்: 12 வருஷ அனுபவம்

மாடல் ஏரோபிளேன்ல மெத்தனால்ல ஓடற குட்டி எஞ்சினுக்கு க்ளோ எஞ்சின்னு பேரு. வருஷக்கணக்கா பெட்டிக்குள்ள கிடந்த அதை வெளிய எடுத்து ப்ராப்பை, அதாவது ப்ரொப்பெல்லரை, சுத்திப் பாத்தா கல்லு மாதிரி நிக்கும், உடனே கை தானா ப்ளையரைத் தேடும், தயவுசெஞ்சு அதை மட்டும் பண்ணிடாதீங்க. 12 வருஷமா இந்த மாதிரி எஞ்சின்களைத்தான் சேத்து சரி பண்ணிட்டு இருக்கேன், 30க்கு மேல கை பாத்தாச்சு. அதுல கெட்டுப் போனது 2, ரெண்டுமே முதல் வருஷத்துல, ரெண்டுமே நான் பலம் போட்டதால போனது.

அதுல ஒண்ணு நல்ல 40 சைஸ், அதாவது சுமார் 6.5 சிசி. எலக்ட்ரிக் ஸ்டார்ட்டரை வெச்சு அழுத்தினேன், டிக்குனு ஒரு சத்தம், அப்புறம் ஷாஃப்ட் சும்மா வழுக்கிட்டு சுத்துச்சு, விட்டுருச்சுன்னு அவ்ளோ சந்தோஷம். பேக் ப்ளேட்டை, அதாவது எஞ்சினோட பின்பக்க மூடியை, கழட்டிப் பாத்தா பிஸ்டனையும் ஷாஃப்ட்டையும் இணைக்கற கனெக்டிங் ராடோட கீழ் முனை உடைஞ்சு கிடக்கு, பிஸ்டன் இருந்த இடத்தை விட்டு நகரவே இல்ல. அந்த ராட் அலுமினியம், பிஸ்டனை விட அதுதான் முதல்ல விட்டுக்குடுக்கும், அது அன்னைக்குத்தான் எனக்குப் புரிஞ்சது.

முதல்ல எதனால இறுகியிருக்குன்னு பாக்கணும். க்ளோ ஃப்யூயல்ல மெத்தனால், கொஞ்சம் நைட்ரோமீத்தேன், ஆயில் இருக்கும், பழைய எஞ்சின்னா அந்த ஆயில் பெரும்பாலும் விளக்கெண்ணெய்தான். மெத்தனால் ஆவியாப் போயிடும், விளக்கெண்ணெய் மட்டும் தங்கி காத்து பட்டு பட்டு பிசின் மாதிரி கெட்டியாகி பிஸ்டனையும், அது ஏறி இறங்கற குழாயான ஸ்லீவையும் ஒட்ட வெச்சிடும். இந்த வகை இறுக்கத்துக்கு பயப்படவே வேணாம். நிறைய பேர் கடையில கிடைக்கிற துரு எடுக்கற ஸ்ப்ரேயை அடிச்சுட்டு ஒண்ணும் நடக்கலன்னு சொல்றாங்க, நடக்காதுதான், ஏன்னா விளக்கெண்ணெய் பெட்ரோலிய வகை எண்ணெயோட சரியாக் கலக்காது, ஆல்கஹால்லதான் கரையும். அதனால நான் க்ளோ ப்ளக்கை கழட்டிட்டு அந்த ஓட்டை வழியாவும் எக்ஸாஸ்ட் வழியாவும் புது க்ளோ ஃப்யூயலையே சில சொட்டு விட்டு ஒரு ராத்திரி அப்படியே வெச்சிடுவேன்.

அதுலயும் விடலன்னா சூடுதான். ஆனா முதல்ல உள்ள இருக்கற ஃப்யூயலை சுத்தமா வடிச்சு நல்லா காத்தாட காய வெச்சிடணும், மெத்தனால் பத்திக்கிட்டா பகல் வெளிச்சத்துல அந்த நெருப்பு கண்ணுக்கே தெரியாது, இதுல அலட்சியம் கூடவே கூடாது. கார்புரேட்டரையும் கழட்டிடுங்க, அதுல ஓ ரிங்னு ரப்பர் வளையம் இருக்கும். அப்புறம் ஹீட் கன்னால சிலிண்டரைச் சுத்தி மெதுவா சூடு காட்டணும், ஒரு சொட்டு தண்ணி வெச்சா சுர்ருனு போகணும், அது போதும். கையில தடிமனான கையுறை போட்டுக்கிட்டு ப்ராப்பை முன்னாடி கொஞ்சம் பின்னாடி கொஞ்சம் ஆட்டணும், ஒரே பக்கமா தள்ளக்கூடாது. முதல்ல ஒண்ணுமே தெரியாது, அப்புறம் நூல் அளவு ஒரு அசைவு விரல்ல தட்டுப்படும், அங்கதான் அவசரப்படாம நிறுத்தி மறுபடி சூடு காட்டணும். எனக்கு ஒரு எஞ்சின் 2 நாள் எடுத்துச்சு, 7 தடவை சூடு காட்டினேன், கடைசியில வெண்ணெய் மாதிரி வந்துச்சு.

ஏபிசி வகை எஞ்சின்ல, அதாவது அலுமினியம் பிஸ்டன், க்ரோம் பூசின பித்தளை ஸ்லீவ் இருக்கறதுல, ஒரு விஷயம். அதோட ஸ்லீவ் மேல போகப் போக குறுகும், அதனால ஆறி இருக்கும்போது பிஸ்டன் உச்சியில இறுகுறது அதோட இயல்பு, அதை ரிப்பேர்னு நெனச்சு உப்புத்தாள் போட்டுத் தேச்சுட்டா கம்ப்ரஷன் போயே போச்சு.

துருன்னா கதை வேற. மெத்தனால் காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கும், நைட்ரோ இருந்த ஃப்யூயலோட மிச்சம் அமிலமாகும், ரெண்டும் சேந்து முதல்ல பேரிங்கைத்தான் தின்னும். பேக் ப்ளேட்டை திறந்ததும் பேரிங் குண்டுங்க மேல செம்மண் மாதிரி தெரிஞ்சா சுத்தறதை அங்கயே நிறுத்திடுங்க, அந்த துகள் மேல ஏறி பிஸ்டனையும் ஸ்லீவையும் கீறிடும். மொத்தமா பிரிச்சு பேரிங்கை மாத்திடறதுதான் சரி. எஞ்சினோட அலுமினியக் கூட்டை நல்லா சூடாக்கி மரக்கட்டை மேல தட்டினா பின் பேரிங் டொக்குனு தானா விழுந்துடும், அலுமினியம் ஸ்டீலை விட ஏறக்குறைய ரெட்டிப்பா விரியறதுதான் காரணம்.

வெளிய கருகிப் போன விளக்கெண்ணெய்க் கறைக்கு கார் ரேடியேட்டர்ல ஊத்தற கூலன்ட்ல, அதாவது எத்திலீன் க்ளைக்கால் வகையில, பாகங்களை எலக்ட்ரிக் ஸ்லோ குக்கர்ல போட்டு குறைஞ்ச சூட்டுல ராத்திரி முழுக்க வைக்கிற முறை இருக்கு. புதுசு மாதிரி வந்துடும். ஆனா அது விஷம், அந்தப் பாத்திரம் அதுக்கப்புறம் சமையலுக்கு ஆகவே ஆகாது, வீட்டுக்கு வெளிய காத்தோட்டமான இடத்துல, குழந்தைங்க நாய் பூனை வராத இடமாப் பாத்து வைங்க. கலர் அனோடைஸ் பண்ண, அதாவது அலுமினியத்து மேல சாயம் ஏத்தின, பாகம் இருந்தா கழட்டிடுங்க, வெளுத்துடும். எடுத்ததும் கழுவி காய வெச்சு கையோட ஆயில் விடணும், இல்லன்னா சுத்தமான பேரிங் 2 நாள்ல துரு புடிச்சுடும், எனக்கு ஒரு தடவை அப்படி ஆச்சு.

நான் பொறுமையா விடுவிச்சதுல பாதிக்கு மேல இன்னைக்கும் பறக்குது, மிச்சம் ஆயில் விட்டு பத்திரமா இருக்கு. பறந்து முடிச்சதும் ஃப்யூயல் ட்யூபை கிள்ளிப் புடிச்சு எஞ்சினை தானா நிக்க விடறேன், உடனே ஆஃப்டர் ரன் ஆயில், அதாவது ஓட்டி முடிச்சப்புறம் துரு புடிக்காம இருக்க விடற ஆயில், சில சொட்டு விட்டு சுத்திட்டு, பிஸ்டன் கீழ இருக்கற மாதிரி நிறுத்தி வைக்கிறேன். இதுக்கு 2 நிமிஷம்கூட ஆகாது. இப்படி வெச்ச எஞ்சின் ஒண்ணு 4 வருஷம் தொடாமக் கிடந்துச்சு, போன மாசம் எடுத்து விரலால ப்ராப்பைத் தட்டினேன், அந்த கம்ப்ரஷன் பொங்கி திருப்பித் தள்ளுச்சு பாருங்க, அப்படியே கையில உயிர் இருக்கற மாதிரி இருந்துச்சு.