ஒற்றை உயிரணுவை நிறுத்திப் பிடிக்கும் மின்புலச் சிப்: வாங்கலாமா?

பாயான் லெப்பாசில் ஒரு சிறு பட்டறை, உயிரணுக்களைத் தொடாமலே பிடித்து நிறுத்தும் கண்ணாடிச் சிப்புகளைச் செய்து தருகிறது. பினாங்கில் ஓர் ஆய்வகத்தில் மாணவர்களுக்குச் செய்முறை கற்றுத் தருபவள் நான். எங்கள் நுண்ணோக்கியின் கீழ் இப்போது அந்தச் சிப்தான் இருக்கிறது. குறைகள் உண்டு, ஆனாலும் வாங்குங்கள் என்றே சொல்வேன்.

50 மைக்ரோமீட்டர் உயர வாய்க்கால். அதன் தரையில் நான்கு தங்க மின்முனைகள், நுனிகள் நடுவை நோக்கியபடி. அடுத்தடுத்த முனைகளுக்கு எதிரெதிர் கட்டத்தில் (ஒன்று நேராக இருக்கும்போது அடுத்தது எதிராக) மாறுமின்னழுத்தம் தந்தால் விளிம்புகளில் புலம் வலுக்கிறது, நட்டநடுவில் அற்றுப்போகிறது. இந்த ஏற்றத்தாழ்வுதான் உயிரணுவை நகர்த்துகிறது. 1951இல் ஹெர்பர்ட் போல் என்ற அறிவியலாளர் டைஎலக்ட்ரோஃபோரசிஸ் என்று பெயர் சூட்டிய விளைவு இது. 1966இல் இதைக் கொண்டே உயிருள்ள ஈஸ்டையும் இறந்த ஈஸ்டையும் பிரித்துக் காட்டினார்கள்.

8.5 சதவீதச் சர்க்கரைக் கரைசலில் ஈஸ்டை விட்டு 1 மெகாஹெர்ட்ஸ் கொடுத்தால், உயிருள்ளவை முனைகளின் விளிம்பில் போய் ஒட்டிக்கொள்கின்றன. உப்பு மிகுந்த வளர்ப்பு ஊடகத்திலோ அதே விளிம்பு அவற்றைத் தள்ளிவிடுகிறது. ஓர் உயிரணு நடுவில், தரையை விட்டு எழும்பி, அந்தரத்தில் நிற்கிறது. நுண்ணோக்கியின் குவியத்தைச் சற்று உயர்த்தினால்தான் அது தெளிவாகத் தெரியும். சமன்பாடாக மட்டுமே படித்திருந்ததை மாணவர்கள் அப்போதுதான் நம்புகிறார்கள்.

ஆனால் கூட வரும் கையேட்டில் மின்னழுத்தமும் அதிர்வெண்ணும் மட்டுமே இருக்கின்றன. எந்தக் கரைசலுக்கு என்ற பேச்சே இல்லை. இதைச் சிறு விடுபாடு என்று என்னால் கடந்துபோக முடியவில்லை. கரைசலின் மின்கடத்துத்திறன் நூறு மடங்கு கூடினால், அதே மின்னழுத்தத்தில் பிறக்கும் வெப்பமும் நூறு மடங்கு கூடும். சர்க்கரைக் கரைசலுக்கு ஏற்ற அளவை வளர்ப்பு ஊடகத்தில் கொடுத்தால் உயிரணு வெந்துபோகக்கூடும். முதல் பக்கத்திலேயே இதை அச்சிட வேண்டும் என்று பட்டறைக்கு எழுதியிருக்கிறேன்.

பாக்டீரியாவுக்காக வாங்க வேண்டாம். விசை உயிரணுவின் ஆரத்தின் மும்மடியைப் பொறுத்தது. 5 மைக்ரோமீட்டர் ஈஸ்டின் மீது செயல்படும் விசையில் ஏறத்தாழ 125இல் ஒரு பங்குதான் 1 மைக்ரோமீட்டர் பாக்டீரியாவுக்குக் கிடைக்கும். அதற்கு மின்முனைகள் இன்னும் நெருங்கியிருக்கும் சிப் தேவை.

கம்பியைப் பொருத்தும் தங்கப் பட்டை சீக்கிரம் உரிகிறது. ஆர்டர் கொடுக்கும்போதே அதை அகலமாகவும் தடிமனாகவும் கேளுங்கள். மறுக்காமல் செய்து தருகிறார்கள்.