சிபிஏ ரிசர்ச் கேள்விக்காகப் படித்தது: மூன்று வருடம் கழித்து என் அனுபவம்

போன மாதம் ஒரு மத்தியானம், அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி ஒருவன் என் மேஜைக்கு வந்தான். அமெரிக்கக் கணக்காளர் உரிமத்துக்கான சிபிஏ தேர்வில், நிதிக் கணக்கியலைச் சோதிக்கும் ஃபார் பேப்பருக்குத் தயாராகிறான். கையில் யாரோ கொடுத்த பழைய நோட்ஸ். “அக்கா, இந்த ரிசர்ச் கேள்வியெல்லாம் இப்போ வர்றதே இல்லையாமே? இந்தப் பக்கங்களைத் தூக்கிப் போட்டுடலாமா?” என்றான். பாதியைப் போடு, பாதியை வை என்றேன். எந்தப் பாதி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் 2022, 2023-இல் நான்கு பேப்பரையும் சென்னையில் இருக்கும் பிரோமெட்ரிக் தேர்வு மையத்திலேயே எழுதியவள். அதிலிருந்து இன்றுவரை அமெரிக்க நிறுவனங்களின் ஆடிட் வேலைதான். ஆக, தேர்வுக்காகத் திறந்த ஃபாஸ்பி கோடிஃபிகேஷனை, அதாவது அமெரிக்கக் கணக்கியல் விதிகளின் தொகுப்பை, நான் இன்னும் மூடவே இல்லை. தேர்வில் வந்த கேள்விகளை வெளியே சொல்ல மாட்டோம் என்று உறுதி கொடுத்துத்தான் உட்காருகிறோம். அதனால் கீழே வரும் உதாரணங்கள் எல்லாம் பயிற்சிக் காலத்திலிருந்தும் வேலையிலிருந்தும் எடுத்தவை.

அப்போது இருந்த முறை இது. ஃபாரில் எட்டு சிமுலேஷன்கள், அதாவது வேலையில் வருவது போன்ற ஒரு நிலைமையைக் கொடுத்துச் செய்யச் சொல்லும் நீண்ட கேள்விகள். பெரும்பாலும் அதில் ஒன்று ரிசர்ச். நான்கைந்து வரியில் ஒரு நிலைமையைச் சொல்வார்கள். அதற்கு எந்தப் பத்தி பதில் சொல்கிறது என்று திரையில் இருக்கும் டேட்டாபேஸில் தேடி, அதன் எண்ணைக் கட்டங்களில் நிரப்ப வேண்டும். விளக்கம் எழுத வேண்டாம், கணக்குப் போட வேண்டாம், எண் மட்டும் போதும். நான் போன பயிற்சி வகுப்பில், “ஒரே ஒரு கேள்விதானே, நேரம் மிச்சமிருந்தா பாருங்க” என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்கள். அந்த அறிவுரை எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. சிமுலேஷன்களுக்குத்தான் பாதி மதிப்பெண். அதில் கணக்கே போடாமல் எட்டு நிமிடத்தில் முடிக்கக்கூடிய கேள்வி இது ஒன்றுதான்.

எட்டு நிமிடம் என்பது பழகிய பிறகு வந்த கணக்கு. முதல் முறை இருபத்தைந்து நிமிடம் ஆனது. கேள்வி எளிமையானதுதான்: கம்பெனி மேல் வழக்கு நடக்கிறது, தோற்கும் வாய்ப்பு அதிகம், தொகையையும் ஓரளவு கணிக்க முடிகிறது, இழப்பை இப்போதே பதியச் சொல்லும் பத்தி எது? தேடல் பெட்டியில் ‘லாசூட் லாஸ் ரெகார்ட்’ என்று அடித்தேன். பட்டியல் நீண்டுகொண்டே போனது, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். கோடிஃபிகேஷன் இந்த விஷயத்துக்கு வைத்திருக்கும் பெயர் ‘கன்டின்ஜென்சி’. பதிவதற்கு அதன் சொல் ‘அக்ரூ’. ‘லாஸ் கன்டின்ஜென்சி’ என்று அடித்திருந்தால் 450-20 உடனே முன்னால் வந்து நின்றிருக்கும். பதில் 450-20-25-2.

அன்று இரவே ஒரு நோட்டில் நடுவில் கோடு போட்டேன். இடது பக்கம் கேள்வி பேசும் சொல், வலது பக்கம் சட்டம் பேசும் சொல். வழக்கு என்றால் கன்டின்ஜென்சி, 450. வருட முடிவுக்குப் பிறகு நடந்தது என்றால் சப்ஸீக்வென்ட் ஈவன்ட்ஸ், 855. ஊழியருக்குப் பங்கு கொடுத்தால் ஸ்டாக் காம்பென்சேஷன், 718. வேறு கம்பெனியை வாங்கினால் பிசினஸ் காம்பினேஷன், 805. மூன்று மாதத்தில் நோட்டு நிறைந்துவிட்டது. தேர்வுக்காக நான் செய்தவற்றில் இன்றுவரை சோறு போடுவது அந்த நோட்டுதான்.

அதற்கு அடுத்தபடி, மூன்றாவது எண். கோடிஃபிகேஷனில் ஒவ்வொரு பத்திக்கும் இருக்கும் ஏஎஸ்சி எண்ணில் நான்கு பகுதி உண்டு: தலைப்பு, துணைத் தலைப்பு, செக்‌ஷன், பத்தி. மனப்பாடம் செய்ய வேண்டியது செக்‌ஷனை மட்டும்தான், ஏனென்றால் எந்தத் தலைப்புக்குப் போனாலும் அது மாறாது. 15 என்றால் யாருக்குப் பொருந்தும், 20 சொல்விளக்கம், 25 எப்போது பதிவது, 30 முதல் மதிப்பு, 35 பிறகு வரும் மதிப்பு, 40 கணக்கை விட்டு எடுப்பது, 45 அறிக்கையில் எங்கே காட்டுவது, 50 குறிப்புகளில் என்ன சொல்வது. இதை ஒரு சார்ட்டில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டியிருந்தேன். மேலே சொன்ன வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். தோற்கும் வாய்ப்பு அந்த அளவுக்கு உறுதியில்லை, ஆனால் இல்லாமலும் இல்லை என்றால் பதிய வேண்டாம், குறிப்பில் சொன்னால் போதும். அதே 450-20-தான், ஆனால் 50-3-க்குப் போக வேண்டும். கேள்வியில் ‘ரெகக்னைஸ்’ என்று இருக்கிறதா, ‘டிஸ்க்ளோஸ்’ என்று இருக்கிறதா என்று பார்த்தாலே முக்கால் தூரம் வந்துவிடலாம்.

ஒரு சின்ன எச்சரிக்கை. பத்தி எண்ணில் எழுத்தும் வரும். லைஃபோ, ரீடெய்ல் என்ற மதிப்பீட்டு முறைகளைப் பின்பற்றாத சரக்கிருப்பை, வாங்கிய விலை அல்லது நிகர விற்பனை மதிப்பு, இரண்டில் குறைந்ததில் காட்டச் சொல்வது 330-10-35-1பி. அந்த ‘பி’ இல்லாமல் 1 என்று அடித்துவிட்டு, சரியாகத்தான் போட்டேன் என்று வெளியே வந்து பேசிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

ஆடிட் பேப்பரில் சிக்கல் வேறு மாதிரி. ஒரே விஷயத்துக்கு இரண்டு வீடு. நிறுவனம் தொடர்ந்து நடக்குமா என்ற சந்தேகத்துக்குத் தனியார் கம்பெனி என்றால் அவற்றுக்கான ஆடிட் விதிகளில் ஏயூ-சி 570, பங்குச்சந்தையில் பங்கு விற்கும் கம்பெனி என்றால் அவற்றின் ஆடிட்டைக் கண்காணிக்கும் பிசிஏஓபி அமைப்பின் ஏஎஸ் 2415. கேள்வியில் பங்குச்சந்தைக் கம்பெனியைக் குறிக்கும் ‘இஷ்யூயர்’ என்ற சொல்லை முதலில் தேடாமல் டேட்டாபேஸைத் தொடவே கூடாது. இன்னொன்று, ஏயூ-சியில் பத்தி எண்ணுக்கு முன் ‘ஏ’ இருந்தால் அது விளக்கவுரை. செய்தே ஆக வேண்டிய கடமைகள் அதற்கு முன்னாலேயே வந்துவிடும்.

வரியையும் வணிகச் சட்டத்தையும் சோதிக்கும் ரெக் பேப்பரை எல்லோரும் பயந்து பேசுவார்கள். எனக்கு அதுதான் பிடித்தது. வருமான வரிச் சட்டத்தைக் கதை படிப்பதுபோல் படிக்க முடியும். உறவினருக்கு நஷ்டத்தில் சொத்தை விற்றால் அந்த நஷ்டத்தைக் கழிக்க விடாதது செக்‌ஷன் 267. யார் குடும்பம் என்று 267(சி)(4) சொல்கிறது: உடன்பிறந்தவர், கணவன் அல்லது மனைவி, முன்னோர், நேர் வாரிசுகள். அவ்வளவுதான். மாமா இல்லை, சித்தப்பா இல்லை, மச்சான் இல்லை! நம் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதை நம்பவே கொஞ்ச நேரம் ஆகும். ஒருமுறை சட்டத்தின் வரியிலேயே படித்துவிட்டால் அதற்குப் பிறகு மறக்காது. வீடு விற்ற லாபத்தில் தனிநபருக்கு 2,50,000 டாலர், தம்பதிக்கு 5,00,000 டாலர் வரை விலக்கு தரும் செக்‌ஷன் 121-ஐயும் நான் அப்படித்தான் பிடித்தேன்.

2024 ஜனவரியில் தேர்வு மாறியது. தனியாக வந்த ரிசர்ச் கேள்வி போய்விட்டது, தேடும் டேட்டாபேஸும் போய்விட்டது. அதற்குப் பதில், தேவைப்படும் இடத்தில் சட்டப் பகுதியை எக்ஸிபிட்டாக, அதாவது இணைப்பு ஆவணமாக, சிமுலேஷனுக்குள்ளேயே தருகிறார்கள். மற்ற ஆவணங்களோடு அதையும் படித்து விடை போட வேண்டும். ஆகவே தம்பியின் நோட்ஸில் தேடல் குறுக்குவழிகள், எண் நிரப்பும் முறை எல்லாவற்றையும் கிழித்துவிடலாம். சட்டப் பத்தியை வரி வரியாக வாசிக்கும் பழக்கத்தை விட முடியாது. சொல்லப்போனால் பழைய முறையை விட இது கடினம். அன்று பத்தியைக் கண்டுபிடித்தால் போதும், புரிய வேண்டும் என்ற கட்டாயமே இல்லை.

அந்த வித்தியாசம் எனக்கு வேலையில்தான் உறைத்தது. ஒரு வாடிக்கையாளருக்குப் பன்னிரண்டு மாதக் குத்தகையில் ஒரு இயந்திரம். 842-20-25-2-ன்படி குறுகிய காலக் குத்தகையைப் பேலன்ஸ் ஷீட்டில் ஏற்றாமல் விடலாம் என்று ஆடிட் பதிவேடான ஒர்க்கிங் பேப்பரில் எண்ணோடு எழுதி அனுப்பினேன். மறுநாள் காலை அமெரிக்காவிலிருந்து ரிவ்யூ நோட் வந்திருந்தது: “செக்‌ஷன் 20 பார்த்தீர்களா?” பார்க்கவில்லை. பன்னிரண்டு மாதத்துக்குள் இருந்தால் மட்டும் போதாது. அந்தப் பொருளை வாங்கிக்கொள்ளும் உரிமை இருந்து, அதைப் பயன்படுத்துவதும் ஏறக்குறைய நிச்சயம் என்றால் அது குறுகிய காலக் குத்தகையே இல்லை என்று சொல்விளக்கத்தில் இருக்கிறது. ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் அந்த உரிமை இருந்தது, மிகக் குறைந்த விலைக்கு. எண் சரி, பதில் தப்பு. அன்றிலிருந்து 25-ஐத் திறக்கும்போதெல்லாம் 20-ஐயும் பக்கத்தில் திறந்து வைக்கிறேன்.

கருவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் படித்த காலத்தில், தேர்வு அனுமதிச் சீட்டு கையில் இருந்தால் அந்த டேட்டாபேஸுக்கு ஆறு மாதத்துக்கு இலவச அனுமதி கிடைத்தது. இப்போது ஃபாஸ்பி தளமே 2023-லிருந்து நல்ல தேடல் வசதியோடு எல்லோருக்கும் இலவசம். பிசிஏஓபி விதிகளும் அப்படியே. காசு கொடுத்துத் தொகுப்பு வாங்கத் தேவையில்லை.

தம்பியிடம் நோட்டைக் கொடுத்துவிட்டேன். தினம் ஒரு பத்தி போதும், 25-இல் ஒன்று படித்தால் அதன் 20-ஐயும் படி, பிறகு தமிழில் எனக்குச் சொல்லிக் காட்டு என்றேன். நேற்று, வாடிக்கையாளருடனான ஒப்பந்தத்தை எப்போது கணக்கில் எடுக்கலாம் என்று சொல்லும் 606-10-25-1-ல் இருக்கும் ஐந்து நிபந்தனைகளையும் லிஃப்டுக்குக் காத்திருந்தபோது சொன்னான். பணம் வசூலாகும் வாய்ப்பு என்ற ஐந்தாவதில் கொஞ்சம் தடுமாறினான். இன்றைக்கு மறுபடி கேட்க வேண்டும்.