கம்பு மாவுக்கும் கைகொடுக்கும் மேசை கிரைண்டர்

கோவையில் தயாரான 2 லிட்டர் மேசை கிரைண்டர் ஒன்றை, வீட்டில் புதிய பலகாரங்களைச் செய்து பார்ப்பதற்கென்றே வாங்கினோம். அரிசியை எந்தக் கிரைண்டரும் ஓரளவு நன்றாக அரைத்துவிடும். அதன் தரத்தைக் காட்டிக்கொடுப்பது கம்புதான். நான்கு பங்கு கம்புக்கு ஒரு பங்கு உளுந்தும் சிறிது வெந்தயமும் எடுத்து, கம்பை மட்டும் இரவு முழுவதும் ஊறவைத்து அரைத்தபோது, தோல் திப்பியாகத் தங்காமல் மாவு வழுவழுவென்று வந்தது. கல் மெதுவாகச் சுழல்வதால் மிக்சியில் அரைப்பதைப் போல மாவு சூடேறுவதில்லை. இடையிடையே தண்ணீர் தெளித்து அரைத்த உளுந்து பொங்கி எழும்பி, ஒரு துளியைத் தண்ணீரில் விட்டால் மிதக்கிறது. அந்த மாவில் வார்த்த தோசை ஓரம் முறுகலாகவும் நடுவில் மெத்தென்றும் இருந்ததால், கம்பு என்று தெரிந்தும் குழந்தைகள் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். இடியாப்பம் போல இழையாகப் பிழியும் சந்தகைக்கு ஊறவைத்த இட்லி அரிசியும் நைசாக அரைபட்டது. பிழிந்த இழை அறுபடவில்லை.

குறை ஒன்று உண்டு. ஒரு கைப்பிடித் தேங்காயைப் போட்டால் அது கல்லில் சிக்காமல் ஓரத்தில் ஒட்டிக்கொள்கிறது. குழம்பு மசாலாவுக்கு மிக்சியே வேண்டும். வாங்குவோர் கடையிலேயே உருளைக் கற்களைக் கழற்றி மாட்டிப் பார்த்து, கழுவத் தூக்கும் எடை தமக்கு ஏற்றதா என்று சோதித்துக்கொள்வது நல்லது.