பிட்லாக்கர் லாக்கை உடைத்துத் தருகிறேன் என்று சொல்லும் கடையை நம்பாதீர்கள்

போன மாதம் லேப்டாப் ஃபேன் இரைந்ததால் காலேஜ் பக்கத்துக் கடையில் சர்வீஸுக்குக் கொடுத்தேன். சாயங்காலம் கடைக்காரர் கூப்பிட்டார். "தம்பி, பயாஸ் அப்டேட் பண்ணினேன், உள்ளே இருந்த வைரஸ் டிஸ்க்கை லாக் பண்ணிடுச்சு, வந்து பாருங்க." (பயாஸ் என்பது லேப்டாப்பை ஆன் செய்ததும் முதலில் ஓடும் புரோகிராம்.) போனேன். பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) நீலத் திரை, 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டு நிற்கிறது, கீழே கீ ஐடி என்று சில எழுத்துகளும் எண்களும். எதற்கும் இருக்கட்டும் என்று போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

இதை உடைக்கிற சாஃப்ட்வேர் தன்னிடம் இருப்பதாகவும், 6,000 ரூபாய் ஆகும் என்றும், டேட்டாவுக்குத் தான் பொறுப்பு என்றும் சொன்னார். 3,000 அட்வான்ஸ் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து லேப்டாப் வந்தது, புது விண்டோஸோடு, ஒரு ஃபைல் கூட இல்லாமல். எங்கள் ஊர் நிலக்கடலைக் காட்டில் இரண்டு போகமாக நின்று எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் கொடுத்து அடுக்கியிருந்த இலைப்புள்ளி நோய்ப் படங்கள் 1,400, ஃபைனல் இயர் ப்ராஜெக்டே அதுதான். மீதி 3,000-ஐயும் வாங்கிக்கொண்டுதான் லேப்டாப்பைக் கையில் கொடுத்தார். பில்லில் "சர்வீஸ்" என்று மட்டும் இருக்கிறது.

அன்று ராத்திரி சீனியர் அக்கா ஒருவர், "மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல கீ இருக்குமே, பார்த்தியா?" என்று கேட்டார். பிரவுசரில் லாகின் செய்து பார்த்தால் ஆறு ஆறாக எட்டுத் தொகுதி எண்கள், பக்கத்தில் நான் படம் எடுத்த அதே கீ ஐடி. ஒரு பைசா செலவில்லாமல் திறந்திருக்கலாம். ஃபார்மட் ஆன பிறகு அந்தக் கீயை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

நடந்தது வைரஸே இல்லை. விண்டோஸ் 11 லேப்டாப்கள் பலவற்றில், முதல் முறை மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் போட்டு செட்டப் செய்யும்போதே டிஸ்க் என்கிரிப்ஷன் (டிஸ்க்கில் உள்ளதைக் கீ இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றுவது, பிட்லாக்கர் செய்வது இதைத்தான்) தானாக ஆன் ஆகிவிடும், கீ அந்த அக்கவுண்ட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். பயாஸை மாற்றினாலோ மதர்போர்டை மாற்றினாலோ டிஸ்க்கைத் தானாகத் திறந்துவிடும் டிபிஎம் என்ற பாதுகாப்பு சிப் சந்தேகப்பட்டுத் திறக்க மறுக்கலாம், அப்போதுதான் லேப்டாப் அந்தக் கீயைக் கேட்கும். பயாஸ் அப்டேட்டுக்கு முன் பிட்லாக்கரை சஸ்பெண்ட் செய்திருந்தால் (தற்காலிகமாக நிறுத்தியிருந்தால்) இந்தத் திரையே வந்திருக்காது. கீ இல்லாமல் அதை உடைக்கிற சாஃப்ட்வேர் எந்தக் கடையிலும் கிடையாது.

அப்படியென்றால் ஸ்டூடண்ட் லேப்டாப்புக்கு இந்த என்கிரிப்ஷன் வேண்டாமா என்று ஹாஸ்டலில் கேட்கிறார்கள். கட்டாயம் வேண்டும். விண்டோஸ் பாஸ்வேர்டு மட்டும் இருந்தால் எஸ்எஸ்டியைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டியவுடன் ஆதார் ஸ்கேன், மார்க்‌ஷீட், வீட்டுப் படங்கள் எல்லாம் அப்படியே தெரியும். பஸ்ஸில் தொலைந்தாலும் ரூமில் திருடு போனாலும் காப்பாற்றுவது என்கிரிப்ஷன்தான், இப்போதைய பிராசஸர்களில் வேகம் குறைவதும் அன்றாட வேலையில் தெரியாது. ஆனால் அது பேக்கப் ஆகாது, நான் கோட்டை விட்டது அங்கேதான். அப்புறம், கடையில் லேப்டாப்பைத் திறக்கும் பின் நம்பரையும் சேர்த்துக் கொடுத்தால் அவர்கள் முன்னால் அது திறந்த பெட்டிதான், சர்வீஸுக்குப் பெரும்பாலும் அது தேவையும் இல்லை.

நான் மறுபடியும் ஆன் செய்துவிட்டேன். புதுக் கீயை எழுதி ஊரில் அம்மா பீரோவில் ஒரு தாள், இங்கே பெட்டியில் ஒரு தாள்.

யாருடைய லேப்டாப்பாவது இப்போது அந்த நீலத் திரையோடு கடையில் இருந்தால், முதலில் போன் போட்டு ஃபார்மட் பண்ண வேண்டாம் என்று சொல்லுங்கள், பிறகு அக்கவுண்ட்டைத் திறந்து பாருங்கள்.