மேடுபள்ள டிசைன் சாக்ஸுக்கு ஏற்ற ஊசி: சியாகூ ரெட் லேஸ் 2.25 மி.மீ., 80 செ.மீ.

சாதா பின்னலில் சாக்ஸ் போடுவதற்கு எந்த ஊசியும் ஒத்துழைக்கும். கேபிள் முறுக்கு (கண்ணிகளை இடம் மாற்றிப் பின்னிக் கயிறு போல வருவது), முறுக்கிய ரிப் (நிட், பர்ல் கண்ணிகள் மாறி மாறி வரும் வரிக்கோடு), ஒன்றுவிட்டு ஒன்று பர்ல் (நிட் என்பது சாதாக் கண்ணி, பர்ல் அதன் மறுபுறம்) என்று மேடும் பள்ளமும் உள்ள டிசைனை எடுக்கும்போதுதான் ஊசியின் குணம் வெளியே வரும். அந்த வேலைக்கு இந்த ஸ்டீல் சுற்று ஊசியைத்தான் (இரு முனைகளை ஒரு ஒயர் இணைக்கும் ஊசி) முதலில் சொல்வேன். நீள ஒயரை நடுவில் மடிப்பாக வெளியே இழுத்துவிட்டு, சாக்ஸின் வட்டத்தைப் பாதி பாதியாகப் பின்னும் மேஜிக் லூப் முறைக்கு 80 செ.மீ. நீளம் சரியாக இருக்கும். 60 செ.மீ. ஊசியில் மடிப்பு வெளியே வரப் போதிய இடம் இருக்காது. இரண்டு சாக்ஸையும் ஒரே நேரத்தில் போடுவதென்றால் 100 செ.மீ. வாங்குங்கள்.

முதல் சிறப்பு முனைதான். நன்றாகக் கூராக இருக்கிறது. 2-க்கு 2 கேபிள் (இரண்டு கண்ணிகளை அடுத்த இரண்டோடு இடம் மாற்றுவது) போடத் தனியாகக் கேபிள் ஊசி தேவையில்லை. முதல் இரண்டு கண்ணிகளை விரலால் பிடித்தபடி ஊசியிலிருந்து கழற்றி, அடுத்த இரண்டைப் பின்னி, விட்டதைத் திரும்ப ஏற்றிப் பின்னிவிடலாம். மொட்டை முனையில் இதைச் செய்தால் கழன்ற கண்ணி ஒரு வரிசை கீழே ஓடிவிடும். கூருக்கு விலையும் உண்டு: இழைகள் தளர்ந்த நூலை முனை பிளந்துவிடும். இறுக்கமாக முறுக்கிய 4 இழை நூல், 75% சூப்பர்வாஷ் (துவைத்தால் சுருங்காதபடி பதப்படுத்திய) கம்பளி, 25% நைலான், 100 கிராமுக்கு 400 மீட்டருக்குக் குறையாதது என்றால் அந்தத் தொல்லை இல்லை.

அடுத்தது ஒயர். நைலான் பூசிய ஸ்டீல் இழைகள் என்பதால் பெட்டியிலிருந்து எடுத்ததும் சுருண்டு கிடக்காது. வெந்நீரில் போட்டு நேராக்கும் வேலை இல்லை. ஆனால் ஓரளவு விறைப்பானது, வில் போல எதிர்த்து நிற்கும். கூர்மையாக மடித்து அழுத்தி வைத்தால் மடிப்பு அப்படியே தங்கிவிடும். வட்டமாகச் சுற்றித்தான் வைக்க வேண்டும்.

இரண்டு பாதியும் சேரும் மடிப்பு இடத்தில் ஏணி போல இடைவெளி விழுவதற்குப் பலர் ஊசியைக் குறை சொல்கிறார்கள். உண்மையான காரணம் பெரும்பாலும் கண்ணிகளைப் பிரித்த விதம். நிட்டிலிருந்து பர்லுக்கு மாறும்போது நூல் முன்பக்கம் வந்து சுற்றிப் போக வேண்டும், அதனால் அந்த இடத்தில் நூல் கொஞ்சம் கூடுதலாகச் சேர்கிறது. ஊசியின் முதல் கண்ணியே பர்லாக இருந்தால் அந்தத் தளர்வும் மடிப்பின் தளர்வும் ஒரே இடத்தில் கூடிவிடும். 64 கண்ணியில் 2-க்கு 2 ரிப் (2 நிட், 2 பர்ல்) என்றால் பாதிக்கு 32. அதை 2 நிட்டில் தொடங்காமல் 1 நிட், பிறகு 2 பர்ல் 2 நிட் ஏழு முறை, 2 பர்ல், 1 நிட் என்று வையுங்கள். இரண்டு பாதியும் நிட்டில் தொடங்கி நிட்டில் முடியும், மேல்பாதமும் இருபுறமும் சமமாக இருக்கும். நூலை முதல் கண்ணியில் அல்ல, இரண்டாவது கண்ணியைப் பின்னும்போது இறுக்குங்கள்.

23 செ.மீ. குட்டிச் சுற்று ஊசியில் மடிப்பே இல்லாததால் ஏணியும் விழாது, அது உண்மைதான். ஆனால் பிடிக்க முனை போதாது, கேபிள் போடும்போது விரல் வலிக்கும், விரல்பக்கம் குறுகும்போது வேறு ஊசிக்கு மாறியே ஆக வேண்டும். மூங்கில் இரட்டை முனை ஊசிகளில் கண்ணி நழுவாது, புதிதாகப் பின்னுபவர்களுக்கு நிம்மதி. ஆனால் இந்த அளவில் 3-க்கு 3 கேபிள் இழுக்கும்போது ஊசி வளையும், சமயத்தில் முறிந்தும் போகும்.

குதிகாலில் சுற்று ஊசி இன்னும் வசதி. மேல்பாதத்தின் 32 கண்ணிகள் ஒயரில் ஓய்வெடுக்க, மற்ற 32-இல் மட்டும் முன்னும் பின்னும் போகலாம். வெளிப்பக்கம் தெரியும் வரிசையில் ஒன்றைப் பின்னாமல் அடுத்த ஊசிக்கு மாற்றி ஒன்றை நிட், உட்பக்கம் தெரியும் வரிசையில் முதலாவதை மாற்றி மீதி பர்ல். 32 வரிசை முடிந்தால் ஓரத்தில் 16 சங்கிலிக் கண்ணிகள் நிற்கும். அவற்றிலிருந்து பக்கத்துக்கு 16 புதுக் கண்ணி எடுத்து, மூலையில் கூடுதலாக ஒன்றையும் எடுங்கள். அதை விட்டால் கணுக்காலருகே ஓட்டை விழும்.

ஊசி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கணக்குத் தவறினால் சாக்ஸ் காலில் ஏறாது. கேபிள் துணியை உள்ளே இழுக்கும், இழுபடும் தன்மையையும் குறைக்கும். சாதா பின்னலுக்கு 64 போதுமென்றால் கேபிள் நிறைந்த டிசைனுக்கு 72 வரை தேவைப்படலாம். மாதிரித் துண்டை அதே டிசைனில், வட்டமாகவே பின்னி, நனைத்துக் காய்ந்த பிறகு அளந்து பாருங்கள். சாக்ஸ் பாதச் சுற்றளவைவிட சுமார் 10% குறைவாக இருக்க வேண்டும். கை தளர்வாகப் பின்னுபவர்கள் இதே ஊசியை 2 மி.மீ. அளவில் வாங்கலாம், இறுக்கமாகப் பின்னுபவர்களுக்கு 2.5 பொருந்தும்.