3 × 10⁸ அடித்தால் 3 × 108 ஆகிறது: ஆறு வருட அனுபவம்

கேள்வித்தாள் அடிக்க ஆரம்பித்திருக்கும் நண்பர் ஒருவர், "சூத்திரங்களுக்கு எது சார் நல்லது, சூப்பர்ஸ்கிரிப்ட் பொத்தானா, ஈக்வேஷன் பெட்டியா?" என்று கேட்டார். ஆறு வருடமாக இயற்பியல் பாடக்குறிப்பும் கேள்வித்தாளும் மைக்ரோசாஃப்ட் வேர்டில்தான் அடிக்கிறேன். இரண்டையும் நிறையப் பயன்படுத்தியாகிவிட்டது.

பொத்தான் வழி உண்மையிலேயே வேகமானது. கன்ட்ரோல், ஷிஃப்ட், சமக்குறி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்து மேலே ஏறும்; ஷிஃப்ட் இல்லாமல் அழுத்தினால் கீழே இறங்கும். எழுத்துரு மாறாது, வரி இடைவெளி குலையாது. திரும்ப அழுத்த மறந்தால் அடுத்த நாலு சொல்லும் பொடி எழுத்தாக மேலேயே ஓடும், அது பழகிவிடும். ஒரே எழுத்துக்குக் கீழே 1, மேலே 2 என இரண்டும் வேண்டுமென்றால் நேருக்கு நேர் நிற்காமல் படிக்கட்டு மாதிரி தள்ளித் தள்ளி நிற்கும். அதையும் பொறுத்துக்கொண்டேன்.

பொறுக்க முடியாதது வேறு. ஒளியின் வேகம் 3 × 10⁸ மீ/வி என்று நான் அடித்ததை, உடன் வேலை செய்பவர் வேறொரு கோப்பில் வெறும் டெக்ஸ்டாக ஒட்டினார். அது 3 × 108 ஆகிவிட்டது. அந்த 8 சாதாரண 8தான். உயரம் என்பது அதன்மேல் போட்ட வடிவமைப்பு மட்டும். ஒட்டும்போது வடிவமைப்பு உதிர்ந்துவிட்டது. 108 ஒழுங்கான எண் என்பதால் பிழைதிருத்தி சிவப்புக் கோடு போடவில்லை. மெய்ப்பு பார்த்த எங்கள் இருவர் கண்ணிலும் படவில்லை. அச்சாகிப் போனது. தாளில் கொடுத்ததை நம்பி ஒரு மாணவி 324 மீ/வி என்று வைத்துக் கணக்கை முடித்திருந்தாள். காற்றில் ஒலியே அதைவிட வேகமாகப் போகும்! அவள் பெருக்கலில் ஒரு தப்பும் இல்லை. இப்போதும் அதை நினைத்தால் மனசு ஆறவில்லை.

ஈக்வேஷன் பெட்டி ஆல்ட், சமக்குறியில் திறக்கும். கீழே இறக்க _, மேலே ஏற்ற ^, அப்புறம் ஸ்பேஸ் பார். அடுக்கில் கூட்டல் வந்தால் அடைப்புக்குறிக்குள் அடித்தால் போதும். ஸ்பேஸ் தட்டியதும் அடைப்பு மறைந்து மொத்தமும் அழகாக மேலே ஏறி உட்காரும். எத்தனை தடவை பார்த்தாலும் அந்த நொடி எனக்குப் பிடிக்கும். ஆனால் அதன் எழுத்துரு தனி, பத்தியோடு ஒட்டாது. வரிக்கு நடுவே பின்னம் வந்தால் அந்த வரி மட்டும் வீங்கும். நிறைய சமன்பாடு சேர்ந்தால் என் கணினியில் கோப்பு திணறவும் செய்கிறது.

அதையே வெறும் டெக்ஸ்டாக ஒட்டினால் 3×〖10〗^8 என்று வருகிறது. பார்க்க அசிங்கம்தான், ஆனால் ஏதோ கெட்டிருக்கிறது என்று யாருக்கும் தெரியும்.

அதனால் நண்பருக்கு நான் சொன்னது: பொத்தான் எவ்வளவு வசதியாக இருந்தாலும் கேள்வித்தாளில் அதைத் தொடாதீர்கள். ஒரே ஒரு அடுக்கு என்றாலும் ஈக்வேஷனிலேயே அடியுங்கள். என் பழைய தாள்களைத் திறந்து பத்தின் அடுக்குகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். இன்னும் இரண்டு வருடத்துத் தாள்கள் பாக்கி.